பக்கத்து சீட்டின் பிரேக்

...கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, இதென்ன, பிடிக்கவே இல்லையே, ஈர மாவுக்குள் விரலை விட்டதுபோல அடிவரை போய்த் தரையைத் தொட்டுவிட்டது... சிக்னல் சிவப்புதான், சொட்டு மருந்து விட்ட கண்ணுக்குக்கூட அது தெரிகிறது, விளிம்பெல்லாம் கரைந்து ஒரு பெரிய சிவப்புப் பூசணியாகத் தெரிகிறது, வண்டி அதை நோக்கி உருள்கிறது, நான் காலை எடுத்து மறுபடி அழுத்துகிறேன், மறுபடியும் அதே மாவு. ஒரு பிரேக் பெடல் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, முதலில் கொஞ்சம் வெறும் ஆட்டம், பிறகு ஒரு இடத்தில் காலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும், அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் பாதம் படித்துவைத்திருப்பது அந்த ஒரு இடத்தைத்தான். இப்போது எதிர்ப்பது திரும்பி வரும் ஸ்பிரிங் மட்டும். கேபிள் அறுந்துவிட்டதா, போன மாதம்தானே புதிதாகப் போட்டேன், அறுந்தால் ஒரு சத்தம் கேட்டிருக்குமே... வண்டி நின்றுவிட்டது. கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், அலுங்காமல். நான் நிறுத்தவில்லை. டிரைவர் சீட்டில் இருக்கும் என் மகள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், என்னமோ காய்கறிக்காரனிடம் பேசுவதுபோல, "அது வேலை செய்யாதுப்பா, பின்னைக் கழட்டிட்டேன்" என்கிறாள்.

கழட்டிட்டேன். சட்டைப் பட்டனைக் கழட்டிட்டேன் என்பதுபோல. எனக்குக் காதுமடல் சூடேறுகிறது, தாடை இறுகிக்கொள்கிறது, கத்த முடியாது, ஓடும் வண்டிக்குள் கத்தக் கூடாது என்பது என் டிரைவிங் பள்ளியின் முதல் விதி, கத்தினால் கற்பவரின் கால் நடுங்கும், நடுங்கும் கால் தப்பான பெடலைத் தேடும், இதை நானே ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது என் வாயையே அது கட்டிப்போட்டிருக்கிறது. எப்போது கழட்டினாள்... கண் ஆஸ்பத்திரியில்தான். கண்ணில் மருந்தை விட்டு, அரை மணி நேரம் மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று நர்ஸ் பெண் என்னைச் சுவரோரம் உட்கார வைத்தாளே, அப்போது இவள் "வண்டியை நிழல்ல போட்டுட்டு வரேம்பா" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். நிழல். நல்ல நிழல். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில், கேபிளின் நுனியில் இருக்கும் அந்தச் சின்னக் கவட்டையைத் தேடி, அதில் குறுக்கே போகும் பின்னை... யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான், நான்தான், வேறு யார். இவள் பள்ளிக்கூடச் சட்டையோடு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றபோது, பார் பாப்பா, என் பெடலை அழுத்தினால் இந்தக் கேபிள் இழுக்கும், கேபிள் இழுத்தால் அந்தப் பக்கத்துப் பெடல் தானாகக் கீழே போகும், எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பது இந்தச் சுண்டுவிரல் நுனி அளவு பின், இதை எடுத்துவிட்டால் அப்பா வெறும் பயணி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்னேனா இல்லையா. அவ்வளவு ஆசை ஆசையாக விளக்கியிருக்க வேண்டாம்.

பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான், கூரையில் பெரிதாக என் டிரைவிங் ஸ்கூல் பலகை இருக்கிறது, இருந்தும் அடிக்கிறான், அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். அவள் பதறாமல் கிளட்சை விட்டாள். "ஓரங்கட்டு" என்றேன், குரலை இறக்கி, பல்லுக்கு நடுவே. "பாலத்து மேலயாப்பா? பாலத்து மேல நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." பாலத்துக்கு வந்துவிட்டோமா, ஆமாம், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு வெள்ளையாக ஓடுகிறது, வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணுக்குள் ஊசியாகக் குத்துகிறது, கருவிழி விரிந்துகிடக்கிறது, வேண்டாத வெளிச்சத்தையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டு. நான் கையால் பிடித்துக்கொள்ள ஏதாவது தேடினேன், ஹேண்ட்பிரேக் கிடைத்தது, இரண்டு சீட்டுக்கும் நடுவே, அது வேலை செய்யும், அது தனிக் கம்பி, நேராகப் பின் சக்கரத்துக்குப் போவது. "ஹேண்ட்பிரேக் உங்க கையிலதான் இருக்கு. அதை நான் தொடலை. நிஜமாவே வேணும்னா இழுங்க" என்கிறாள். எனக்குத் தெரியாதா, இந்த வேகத்தில் அதைச் சடாரென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலை ஆட்டும், பாலத்தின் மேல் வாலை ஆட்டினால் என்ன ஆகும், அவளுக்கும் தெரியும் எனக்குத் தெரியும் என்று. இது விளையாட்டில்லை, யோசித்துச் செய்திருக்கிறாள், அதுதான் இன்னும் எரிகிறது. ஆத்திரத்தில் செய்தவளை அடக்கலாம், கணக்குப் போட்டுச் செய்தவளை என்ன செய்வது?

எல்லாம் அந்தத் தூங்குமூஞ்சி கொடுத்த தைரியம். மார்க்கெட் முனையில் எனக்குப் போட்டியாகப் பள்ளி வைத்திருப்பவன், பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் மடக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கற்பவன் சந்து சந்தாக முட்டப் போவான், இவன் அசைய மாட்டான், டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறானா மதியத் தூக்கம் போடுகிறானா என்று நாங்களெல்லாம் சிரிப்போம். அவனிடம் போய்ச் சேர்ந்தாள் என் மகள். என்னிடம் எல்லாம் படித்துவிட்டு. டெஸ்டுக்கு இன்னும் நீ தயாராகவில்லை, பிரேக் பிடிப்பது உனக்கு இன்னும் வரவில்லை என்று நான் சொன்னது தப்பா, வரவில்லைதானே, நான் அழுத்தாமல் ஒரு தெருவையாவது அவள் தாண்டியிருப்பாளா... அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் லைசென்சை வைத்தாள், பருப்பை ஊற்றிக்கொண்டாள். அந்த ஆளிடம் வாங்கியது ரோட்டில் நிற்காது என்றேன். "நிக்கலைன்னா உங்களுக்குத் தெரியாமயா போகும்" என்றாள். அன்றிலிருந்து இந்த வண்டியை அவளிடம் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கண்ணில் மருந்து, வேறு வழியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான் ஓட்டினேன், திரும்பும்போது அவள்.

பாலம் இறங்குகிறது. முன்னால் ஒரு லாரி, அதன் பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய், அது பெரிதாகிக்கொண்டே வருகிறது, என் கால் போய்விட்டது, கேட்காமலே போய்விட்டது, தரையோடு தரையாகப் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறேன், செத்த பெடலை. "பிரேக்" என்கிறேன். அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள், அவ்வளவுதான், எஞ்சின் சத்தம் இறங்கியது, எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்தது, லாரி பெரிதாவது நின்றது, ஒரே அளவில் முன்னால் போகிறது. இது ஒன்றும் அதிசயமில்லை, காலை எடுத்தாலே கியரில் இருக்கும் எஞ்சின் சக்கரத்தை அடக்கும், வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக்கூடக் காட்டுவேன். ரோட்டில் ஒருவரும் செய்து நான் பார்த்ததில்லையே... ஏன்... எங்கே செய்ய விட்டேன், அவர்கள் காலை எடுப்பதற்குள் என் கால் இறங்கியிருக்கும். சீ, என்ன யோசனை இது, இப்போதா. கோபம் குறையக் கூடாது, குறைந்தால் இவள் ஜெயித்த மாதிரி. "இதுக்குப் பேரு என்ன தெரியுமா, கொலை முயற்சி" என்றேன். "யாரைப்பா?" என்றாள்.

பிறகு, கியரை மாற்றிக்கொண்டே, அதே காய்கறிக்காரக் குரலில்: "ஆபீஸ்லயும் ஒரு பெடல் வச்சிருக்கீங்களாப்பா?"

என்ன ஆபீஸ்... நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேனே, கண்ணை மூடினால் உலகமே போய்விட்டதாக நினைப்பு, மருந்து ஏறுவதற்குள் போனில் நம்பரைத் தேடி நீச்சலுக்குப் பேசினேன். நீச்சல் என்பது என்னிடம் வண்டி கற்ற மனுஷன், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளுவதுபோலத் தள்ளுவார், எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர்தான். இப்போது கால்நடைத் துறையில் யார் எந்த வேலைக்குப் போவது என்று போடுகிற பிரிவில் இருக்கிறார். மாட்டு டாக்டருக்குப் படித்த இவளுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, நடமாடும் மருத்துவ வண்டி, மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் தானே ஓட்டிக்கொண்டு போய் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட வேண்டும், கூட ஓர் உதவியாளர், டிரைவர் கிடையாது, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். டிரைவர் இல்லாத வண்டியா, கொண்டை ஊசி வளைவிலா, இவளா? அதனால்தான் சொன்னேன், சார், நம்ம பொண்ணுதான், அவளுக்குத் தெரிய வேண்டாம், ஆபீசிலேயே ஏதாவது மேசையில் போட்டுவிடுங்கள், நான் கேட்டதாக இருக்க வேண்டாம் என்று. அதைத்தான் இவள் கேட்டிருக்கிறாள். அப்புறம்தான் நிழலில் போடப் போயிருக்கிறாள். "தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்தேன், பின்னாடியே நின்னேன்" என்கிறாள், "நான் கேட்டதா இருக்க வேண்டாம்னு சொன்னீங்க பாருங்க... அதைக் கேட்டதும் என் காலுக்கடியில பெடல் இறங்குற மாதிரியே இருந்துச்சு."

எனக்கு அவமானமாக இருக்கிறதா, கோபமாக இருக்கிறதா, இரண்டும் ஒரே அடுப்பில்தான் கொதிக்கிறது. ஒட்டுக்கேட்டவள் அவள், குற்றவாளி நானா? பெற்றவன் போன் பண்ணக் கூடாதா, அக்கறை இல்லாதவனா பண்ணுவான். காலுக்கடியில் பெடல் இறங்குகிற மாதிரி... என்ன அது, எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியவே வாய்ப்பில்லை, கேபிள் அப்படி. கேபிள் என்பது கயிறு மாதிரி, இழுக்கும், தள்ளாது. நான் அழுத்தினால் அவள் பெடல் இறங்கும், அவள் அழுத்தினால் நடுவே கேபிள் தொளதொளவென்று தொங்குமே தவிர என் பெடல் அசையாது. அதை ஒரு வசதியாகத்தான் சொல்வேன், கற்பவர் எவ்வளவு தடுமாறினாலும் என் பக்கம் வராது என்று. இத்தனை வருஷத்தில் நான் அழுத்தியது ஒவ்வொன்றும் அவர்கள் பாதத்துக்குத் தெரிந்திருக்கிறது, அவர்கள் அழுத்தியது ஒன்றுகூட என் பாதத்துக்கு வந்ததில்லை. பிரேக் பிடிப்பது உனக்கு வரவில்லை என்று எதை வைத்துச் சொன்னேன்... எதை வைத்து? வண்டி நின்றது, நான் அழுத்தினேன், அதனால் நான்தான் நிறுத்தினேன். அவளும் அதே நொடியில் அழுத்தியிருந்தால்? சும்மா இரு, இது குழப்புகிற வாதம், அவள் வாதம், நான் ஏன் அவளுக்காக வாதாடுகிறேன்.

"அப்பா, சீட்டைப் பிடிங்க" என்று அவள் சொன்னதும் பெல்ட் என் நெஞ்சைக் கவ்வியதும் ஒன்றாக நடந்தது. வண்டி நின்றது. என்ன, எதற்கு, எங்கே... ஓரத்தில் நின்ற பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கையில் துணிப்பை, எங்களைப் பார்க்காமலே, எங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால் நடந்து போகிறார், பை வண்டியில் உரசாத குறை. அந்தப் பக்கம் போனதும் திரும்பி, என்னவோ நாங்கள் தப்பு செய்ததுபோல முறைத்தார். அவள் கையைத் தூக்கி அவரிடம் "போங்க போங்க" என்றாள். எனக்கு மூச்சு வாங்குகிறது. நான் அவரைப் பார்க்கவில்லை. மருந்து விட்ட கண், வெயில், பஸ்ஸின் கண்ணாடியில் அடித்த வெளிச்சம், எத்தனை சாக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் என் கால்... கால் எங்கே இருந்தது? லாரிக்காக மிதித்த பெடலை இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. தரையோடு. எடுக்கவே இல்லை. அந்தப் பெரியவருக்காக அழுத்த என்னிடம் பாக்கி ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் எப்போதோ அழுத்தித் தீர்த்துவிட்டேன். "பஸ்ஸுக்கு அடியில கால் தெரிஞ்சுச்சு, செருப்பு" என்று அவள் சொன்னாள், கேட்காமலே. "பஸ் நின்னா அடியில பாருன்னு சார் சொல்வாரு." சார் என்றால் தூங்குமூஞ்சி. பாதி மூடின கண்ணுக்கு பஸ்ஸின் அடிதான் தெரியும்போல. அடப்பாவி.

அவள் ஒவ்வொரு கையாக ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வியர்வையை மடியில் துடைத்துக்கொள்கிறாள், இப்போதுதான் பார்க்கிறேன். பயந்திருக்கிறாள். காய்கறிக்காரக் குரலுக்குப் பின்னால் இவ்வளவு பயமா, ஆஸ்பத்திரியிலிருந்தே இப்படித்தான் பயந்துகொண்டு ஓட்டினாளா... சபாஷ் என்று சொல்லலாம், சொல்ல மாட்டேன், பின்னைக் கழட்டினவளுக்கு என்ன சபாஷ். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டயர்க் கடை, தையல் கடை, மெக்கானிக் தம்பியின் பட்டறை, கரைந்து கரைந்து போகின்றன. மெக்கானிக் தம்பி... இந்த நேரத்தில் அவன் ஞாபகம் ஏன் வருகிறது. என்னிடம் படித்து லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வண்டி வாங்கினவர்களெல்லாம் கொஞ்ச நாளில் திரும்பி வருவார்கள், சார், என் வண்டியில் பிரேக் சரியில்லை, உங்க வண்டி பிரேக் மாதிரி பிடிக்க மாட்டேங்குது என்று. நீச்சலும் வந்தார். பெருமையாக இருக்கும் எனக்கு, என் வண்டியை நான் வைத்திருக்கிற அழகு அப்படி என்று, தம்பியிடம் அனுப்பிவைப்பேன். தம்பி ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, நீங்க அனுப்புற வண்டி எதுலயும் பிரேக்ல ஒரு கோளாறும் இல்லண்ணே, நான் என்னத்தை ரிப்பேர் பண்ண" என்றான். உனக்கு வேலை தெரியவில்லை என்றேன் அவனிடம். எல்லோரும் சிரித்தோம். என் வண்டி பிரேக்கையும் அவன்தானே பார்க்கிறான், சாதாரணப் பிரேக், எல்லா வண்டியிலும் இருக்கிற அதே பிரேக்... அப்படியானால் அவர்கள் நன்றாகப் பிடிக்கிறது என்று சொன்னது எதை? என் காலையா... என் மனைவியும்தான், கல்யாணமான புதிதில் ஆசையாக வந்து உட்கார்ந்தாள், சில நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், "உங்க பக்கத்துல உட்கார்ந்தா நான் ஓட்டுற மாதிரியே இல்லைங்க" என்று. பயந்தாங்கொள்ளி என்று இன்று வரைக்கும் சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்கிறேன். அவளும் கூடச் சிரிப்பாள். கூடச் சிரித்தாளா...

வீட்டுக்குக் கீழே, தூணுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கும் நடுவே, நானே இரண்டு முறை முன்னும் பின்னும் எடுக்கிற இடத்தில், அவள் மூன்று முறை எடுத்து நிறுத்தினாள், கொஞ்சம் கோணலாக. கோணல் என்று சொல்ல நாக்கு வந்தது, பெரிய ஆறுதலாக இருந்தது அந்தக் கோணல். எஞ்சினை அணைத்தாள். இரண்டு பேரும் இறங்கவில்லை. இனிக் கத்தலாம், வண்டி நின்றுவிட்டது, விதி முடிந்துவிட்டது, அவ்வளவு தூரமும் சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் தொண்டைவரை வந்து நிற்கிறது. "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். "உங்களுக்கு ஆகியிருந்தா?" என்றாள் அவள், கண் கலங்கி, கோபமாக. என் கோபம் மாதிரியே இருந்தது, தாடை இறுகுவது உட்பட. சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள், அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. "காலையில கிளாஸ் இருக்கு இல்ல, மாட்டிக்கோங்க. கேக்காம செஞ்சது தப்புதான். நீங்க கேக்காம போன் பண்ணீங்க, நான் கேக்காம கழட்டிட்டேன்." இறங்கினாள்.

நானும் இறங்கினேன், அப்போதுதான் பையில் போன் அடித்தது. எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம், தூரத்தில் வைத்தாலும் எறும்பு, யார் என்று தெரியவில்லை. படிக்கட்டின் முதல் படியில் நின்ற அவள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். "நீச்சல்" என்றாள். நான் ஏதாவது சொல்வேனா என்று ஒரு நொடி பார்த்தாள், பிறகு பச்சைப் பட்டனைத் தானே அழுத்தி என் காதில் வைத்துவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். ஏறும் சத்தம் கேட்கிறது. "சார், பேசிட்டேன் சார்" என்கிறார் நீச்சல் உற்சாகமாக, "மேசை வேலை ஒண்ணு காலியா இருக்கு, நீங்க சரின்னா இன்னைக்கே மாத்திடலாம், பாப்பாவுக்குத் தெரியவே தெரியாது." "உங்க வண்டி பிரேக் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அது... பழகிப்போச்சு சார்" என்றார், "ஓடுது. இருந்தாலும் உங்க வண்டி பிரேக் மாதிரி வராது சார். இப்பவும் சிக்னல்ல போய் நிக்கிற வரைக்கும் எனக்குப் பக்குபக்குன்னுதான் இருக்கும். ஏன் சார் கேக்கறீங்க?" என்ன சொல்வது, இவ்வளவு வருஷமாகவா, இந்த மனுஷன் ஒவ்வொரு சிக்னலிலும்... "சார், லைன்ல இருக்கீங்களா, பாப்பா விஷயம் என்ன சொல்லட்டும்?" சொல்ல வேண்டும், இதோ சொல்கிறேன், மேலே கதவு திறக்கிற சத்தம், அவள் அம்மாவிடம் என்னவோ சொல்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்களா பேசுகிறார்களா, உள்ளங்கையில் பின் குத்துகிறது, குனிந்து பார்க்கிறேன், எதுவும் சரியாகத் தெரியவில்லை, காலைத்தான் உணர முடிகிறது, செருப்புக்குள் என் வலது பாதம் சிமென்ட் தரையை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கிறது... எடு, எடுத்துவிடு என்று பாதத்திடம் சொல்கிறேன், எப்படி எடுப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான்...